புழு விலைக்கு வாங்கலாமா என்று கேட்ட மச்சாளுக்கு

பெருங்குடல் அழற்சி என்று வருத்தத்தின் பெயர் தெரிந்துவிட்டால் போதும், வெளிநாட்டிலிருக்கிற சொந்தக்காரர் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். எனக்கும் வைபரில் மஞ்சள் வந்தது, கற்றாழை வந்தது, வெறும் வயிற்றில் தேங்காயெண்ணெய் வந்தது. அதெல்லாம் ஓய்ந்த பிறகு ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் அனுப்பியது மட்டும் வேறு மாதிரி. கொழுக்கிப்புழுவின் குடம்பிகளை, அதாவது முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளை, சின்னக் குப்பியில் அடைத்து இணையத்தில் விற்கிறார்களாம். கையில் வைத்து ஒட்டினால் தோலுக்குள்ளால் உள்ளே போய், இரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்குப்பட்டுக் குடலுக்குள் குடியேறுமாம். குடியேறினால் அழற்சி தணியுமாம்.

"எங்கட தோட்டத்தில சும்மா கிடந்ததை இஞ்ச டொலருக்கு விக்கினம் மச்சாள். வாங்கி அனுப்பட்டோ?" என்று கேட்டிருந்தாள்.

பகிடியாகத்தான் எழுதியிருந்தாள், ஆனால் முழுப் பகிடி இல்லை. அவளுடைய மகனுக்குக் கச்சான் வாயில் பட்டால் தொண்டை அடைக்கும். பள்ளிக்கூடப் பையில் எப்போதும் ஊசி இருக்கும். நாங்கள் கச்சானும் இறாலும் தின்று, யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த ஒவ்வாமை இருந்ததாக நினைவில்லை. அது ஏன் என்பதுதான் அவளுடைய உண்மையான கேள்வி. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள், அதோடு நோயாளியும்கூட. அதனால் வைபரில் இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

முதலில் அவள் பக்கத்து நியாயம். 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்கிற பிரித்தானிய ஆய்வாளர், வீட்டில் அண்ணன் அக்காமார் கூட இருந்தால் இளைய பிள்ளைகளுக்கு மகரந்தத் தும்மல் குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். சிறு வயதில் தொற்றுகள் குறைந்துபோனதுதான் ஒவ்வாமை கூடுவதற்குக் காரணமோ என்கிற யோசனை அங்கிருந்து வளர்ந்தது. பிறகு புழுக்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். ஆபிரிக்காவில், காபொன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வீட்டுத் தூசியில் உள்ள சிற்றுண்ணிக்கு அவர்களுடைய தோல் காட்டிய ஒவ்வாமை கூடியது. 2004இல் வந்த முடிவு அது. வியட்நாமிலும் தோல் பரிசோதனையில் அப்படித்தான், ஆனால் தொய்வோ (ஆஸ்துமா) கரப்பனோ கூடவில்லை. எக்குவடோரில் செய்தபோது ஒன்றுமே மாறவில்லை. மூன்றையும் மச்சாளுக்குச் சொன்னேன். அவளுக்குக் காபொன் மட்டும்தான் பிடித்திருந்தது.

ஆர்ஜென்ரீனாவில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். ஹோர்ஹே கொரியாலே என்கிற நரம்பியல் வைத்தியர், நோய் எதிர்ப்பே மூளை நரம்புகளைத் தாக்குகிற மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளரில் குடற்புழு உள்ள 12 பேரையும், புழு இல்லாத 12 பேரையும் நாலரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2007இல் எழுதினார். புழு உள்ளவர்களுக்கு நோய் கிளர்ந்தது மிகக் குறைவு. பிறகு அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேருக்குப் புழுத் தொந்தரவு கூடி மருந்து கொடுக்க வேண்டி வந்தது. மருந்து கொடுத்தபின் அவர்களுக்கு மூளை நோய் திரும்பத் தலை தூக்கியது. ஆட்கள் கொஞ்சம்தான். ஆனாலும் வாசித்தபோது எனக்கே ஒரு கணம் குப்பி வாங்கினால் என்ன என்று தோன்றியது.

சரி, புழு உள்ளே என்னதான் செய்கிறது? பற்றீரியா வந்தால் வெண்குருதிக் கலங்கள் விழுங்கிவிடும். ஓர் அடி நீளம் வளரக்கூடிய வட்டப்புழுவை எந்தக் கலம் விழுங்கும்? அதனால் உடம்பு வேறு வழிக்குப் போகிறது. குடற்சுவரில் சளியைப் பெருக்குகிறது, நீரைச் சுரக்கிறது, குடலை வேகமாக அசைத்து வெளியே தள்ளப் பார்க்கிறது. இயோசினோபில் என்கிற ஒரு வகை வெண்குருதிக் கலங்களைக் கூட்டுகிறது, ஐஜிஈ என்கிற பிறபொருளெதிரியை ஏற்றுகிறது. இன்ரர்லியூக்கின் 4, 5, 13 என்கிற சமிக்ஞைப் புரதங்கள்தான் இந்த வேலை எல்லாவற்றையும் நடத்துகின்றன. தும்மல், தொய்வு, கரப்பன் மூன்றிலும் வருவது இதே பட்டியல்தான். புழுவுக்கென்று இருந்த ஏற்பாடு கச்சானைக் கண்டு புறப்படுவதுதான் ஒவ்வாமை என்று வகுப்பில் சொல்வேன்.

அப்படியென்றால் புழு உள்ளவர்களுக்கு ஒவ்வாமை கூடத்தானே வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கும். கூடுவதும் உண்டு. வட்டப்புழுவின் குடம்பிகள் நுரையீரல் வழியாகப் போகும்போது இருமலும் இழுப்பும் வரும். அதன் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்கிற புரதம் தூசிச் சிற்றுண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும் இறாலிலும் உள்ளதற்கு நெருங்கிய சொந்தம். அதனால் ஒன்றுக்குப் பழகிய ஐஜிஈ மற்றதிலும் போய் ஒட்டலாம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் செய்த ஒரு பகுப்பாய்வில், கொழுக்கிப்புழு உள்ளவர்களுக்குத் தொய்வு குறைவு, வட்டப்புழு உள்ளவர்களுக்குக் கூட என்று வந்தது. ஆகவே 'புழு நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடம் எந்தப் புழு என்று கேளுங்கள். எத்தனை, எவ்வளவு காலம் என்றும் கேளுங்கள்.

காலம் என்பது சும்மா சொன்னதல்ல. தொற்று நாட்பட்டால் கதை மாறுகிறது. புழுவுக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் தங்க ஓர் இடம். வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தால் வாடகைக்கு இருப்பவருக்குத்தானே நட்டம்? அதனால் உடம்பிலேயே உள்ள அடக்கும் பொறிமுறையை அது தட்டி எழுப்புகிறது. அழற்சியைத் தணிக்கும் ரீ கலங்கள் பெருகும், இன்ரர்லியூக்கின் 10, ரீஜிஎஃப்-பீற்றா என்கிற தணிக்கும் சமிக்ஞைப் புரதங்கள் கூடும். எலியின் குடலில் வாழும் ஒரு புழு இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரீஜிஎஃப்-பீற்றாவின் வேலையை அப்படியே செய்கிற ஒரு புரதத்தைத் தானே சுரக்கிறது. கிளாஸ்கோவில் ரிக் மெய்சல்ஸின் குழு 2017இல் அதை வெளியிட்டது. அமைப்பில் இரண்டுக்கும் ஓர் உறவும் இல்லை, ஆனால் கலத்தில் போய்ப் பொருந்துகிற இடம் ஒன்று. படிப்பிக்கிறவளாக எனக்கு இது புல்லரிக்கிற விஷயம். நோயாளியாகக் கொஞ்சம் பயம்.

பயம் ஏனென்றால், இந்தத் தணிப்பு நமக்காகச் செய்யப்படுவது இல்லை. கச்சான் ஒவ்வாமையை மட்டும் பார்த்து அடக்குகிற நுணுக்கமும் அதற்கு இல்லை. குடற்புழு உள்ளவர்களுக்குக் காசநோய்த் தடுப்பூசியான பீசீஜீ, வாயால் கொடுக்கும் வாந்திபேதித் தடுப்பு மருந்து போன்றவை குறைவாக வேலை செய்வதையும், பூச்சி மருந்து கொடுத்த பிறகு கொஞ்சம் தேறுவதையும் பார்த்திருக்கிறார்கள். மச்சாள் அனுப்பிய விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மருந்தாகவே கொடுத்துப் பார்த்த கதைக்கு வருகிறேன். 2005இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜோயல் வெயின்ஸ்ரொக் குழுவினர், எனக்கிருக்கிற அதே வருத்தம் உள்ள 54 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டை 2,500ஐ இரண்டு வாரத்துக்கு ஒருதரம் குடிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு முட்டை இல்லாத திரவம். 12 வாரத்தில் முட்டை குடித்தவர்களில் 43 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது, மற்றவர்களில் 17 வீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு ஐரோப்பாவில் குரோன் என்கிற இன்னொரு குடல் அழற்சி நோயாளர் 250 பேரளவில் வைத்துச் செய்த பரிசோதனையில் முட்டைக்கும் வெறும் திரவத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் அந்த முடிவு வந்தது. இங்கிலாந்தில் நொட்டிங்காம் ஆட்கள் தொய்வுக்காரர் 32 பேரில் பாதிப்பேருக்குப் பத்துப் பத்துக் கொழுக்கிப்புழுக் குடம்பி ஏற்றிப் பார்த்தார்கள். ஆபத்து ஒன்றும் வரவில்லை, சொல்லும்படி நன்மையும் வரவில்லை. இப்போது ஆய்வாளர்களின் கண் புழுவில் இல்லை, அது சுரக்கிற புரதங்களில்தான். அவற்றைத் தனியே எடுத்து மருந்தாக்கலாமா என்று பார்க்கிறார்கள். எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.

இதையெல்லாம் மச்சாளுக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் என் சொந்தக் கதை திரும்பியது.

பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கொபி முடிந்து, அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் தொடங்கலாமா என்று பேசும் கட்டம். கிளினிக்கில் புதிதாக வந்திருந்த வைத்தியர், குடலில் கிள்ளியெடுத்த துண்டைச் சோதித்த பயொப்சித் தாளை எடுத்து இரண்டாந்தரமும் வாசித்தார். அதில் அழற்சி பற்றிய வழக்கமான வரிகளுக்குக் கீழே, இயோசினோபில் மிகுதியாக உள்ளது, ஒட்டுண்ணி இல்லையென்று உறுதிசெய்யவும் என்று ஒரு வரி கிடந்தது. பேனையை வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

"ரீச்சர், தோட்டம் செய்த குடும்பமோ?"

"ஓம் டொக்டர். வெங்காயம், புகையிலை, மிளகாய்."

"தண்ணி மாறியிருக்கிறீங்களோ?"

மாறாமல்? அப்பா இறைக்கத் தொடங்கினால் பள்ளிக்கூடம் போகமுன் வாய்க்காலில் நிற்பது நானும் தம்பியும்தான். ஒரு பாத்தி நிரம்பினதும் மண்வெட்டியால் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். கணுக்கால் வரை செஞ்சேறு. விரலிடுக்குகளில் கடிக்கும், சேற்றுப்புண் என்று அம்மா நல்லெண்ணெய் பூசுவா. அது எல்லாமே சேற்றுப்புண்தானா என்று இப்போது யோசிக்கிறேன். கொழுக்கிப்புழுக் குடம்பி தோலுக்குள் போகிற இடமும் அப்படித்தான் கடிக்கும்.

"95இல எங்க இருந்தனீங்கள்?"

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் வைத்தியர் கேட்டால் ஒரு நிமிடம் இருவரும் பேசாமல் இருப்போம். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. மழை, நெரிசல், நாவற்குழிப் பக்கம் நகர முடியாத சனம். என் செருப்பு அந்தச் சேற்றிலே போயிற்று. பிறகு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். இருந்த மலசலகூடம் அவ்வளவு சனத்துக்கும் எந்த மூலைக்குக் காணும்? பனங்கூடலுக்குள் போனோம், எல்லோரும்தான். வெறுங்காலோடு.

"பின்பக்கத்தில, துடையில, கோடு மாதிரிக் கடிச்சுக்கொண்டு ஓடி, பிறகு தானாக மறையுறதோ?"

ஓம் என்றேன். ஆண்டில் சில தரம் வரும். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவேன், யாரிடமும் சொல்லவேண்டிய விஷயமாகவே நினைத்ததில்லை. அவர் எழுதினதை அடிக்கோடிட்டார். ஸ்ரொங்கிலொய்டிஸ் என்கிற நூல்போன்ற சின்னப் புழுவின் குடம்பி தோலுக்கடியில் ஊர்ந்தால் அப்படி வருமாம். மணிக்குப் பல சென்ரிமீற்றர் ஓடுமாம்.

பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பினார். மொத்த வெண்குருதிக் கலம் 9,200, இயோசினோபில் 14 வீதம். வீதத்தைப் பார்த்துவிட்டு விடக்கூடாது, பெருக்க வேண்டும் என்றார். 1,288 வருகிறது. 500க்கு மேல் போனால் ஏன் என்று தேட வேண்டிய எண் அது. வீட்டுக்கு வந்து பழைய கோப்பைக் கிண்டினால், முன்பொரு காய்ச்சலுக்குச் செய்த தாளிலும் 11 வீதம் என்று இருக்கிறது. அப்போது பார்த்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தும்மல் உள்ள ஆள் என்று நினைத்திருப்பார்.

மலப் பரிசோதனை முதல் தரம் வெறுமையாக வந்தது. ஒன்றை நம்ப வேண்டாம், இந்தப் புழு முட்டையை வெளியே விடாது, குடம்பியாகத்தான் விடும், அதுவும் எல்லா நாளும் விடாது என்று சொல்லி வேறு வேறு நாளில் கொடுக்கச் சொன்னார். பிறகொரு நாள் ஆய்வுகூடத்துத் தம்பி, என்னிடம் படித்த பிள்ளை, என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், பாக்கப் போறீங்களோ?" என்றான். நுணுக்குக்காட்டிக்குள் மஞ்சள் நிறக் குப்பைகளுக்கு நடுவில் கண்ணாடி போன்ற ஒன்று தலையை அடித்தடித்துக்கொண்டு நெளிந்தது. உள்ளே தொண்டைக் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கி மறுபடி வீங்குவதுகூடத் தெரிந்தது. ஆண்டாண்டாகக் கரும்பலகையில் கீறிய படம் உயிரோடு, அதுவும் என்னுடையது. அருவருப்பு வருமென்று நினைத்தேன், வரவில்லை. அவனிடம் வாய் குறுகிய குழாயா, தொண்டை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கொழுக்கிப்புழுவின் முட்டை வெக்கையில் கிடந்து பொரித்தாலும் இப்படிக் குடம்பி வரும், வாயைப் பார்த்துத்தான் பிரிப்போம் என்று சொன்னான். அதனால்தான் புதிய மலம் கேட்கிறார்கள்.

ஆக, மச்சாள் டொலருக்கு வாங்கி அனுப்பப் பார்த்த வகைச் சரக்கு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் குடல் வெந்துதான் கிடந்தது. இதை வைத்துப் புழுவால் பயனில்லை என்று நிறுவ முடியாது, ஓர் ஆளின் கதை ஒன்றையும் நிறுவாது. ஆனால் இன்னொரு சிக்கலும் இருந்தது. இதே புழு பெருங்குடலில் அழற்சியைக் கிளப்பி, என் வருத்தம் போலவே வேடம் போடவும் கூடும். அழற்சி என்று நினைத்து ஸ்டீரொயிட் கொடுத்து ஆளையே இழந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன.

ஏன் இழக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். மற்றக் குடற்புழுக்களில் பெரும்பாலானவை நம் உடம்புக்குள் பெருகாது. வட்டப்புழு ஒரு நாளைக்கு இரண்டு இலட்சம் முட்டை இட்டாலும் அவை வெளியே போய் மண்ணில் வாரக்கணக்கில் கிடந்துதான் முதிர வேண்டும். ஸ்ரொங்கிலொய்டிஸ் அப்படியில்லை. அதன் குடம்பிகளில் சில வெளியே போகாமலே முதிர்ந்து, குடற்சுவரைத் துளைத்தோ ஆசனவாய்த் தோல் வழியாகவோ திரும்ப உள்ளே போய்விடும். இந்தச் சுற்று ஒருவருக்குள்ளேயே முப்பது நாற்பது ஆண்டு ஓடும். இரண்டாம் உலகப்போரில் பர்மா-சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட பிரித்தானியக் கைதிகளில் பலருக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு இருந்ததை லிவர்பூலில் கண்டுபிடித்தார்கள். மலாயாவிலிருந்து இழுத்துப் போன தமிழர்கள் பெருந்தொகையாக மாண்ட அதே பாதைதான்.

அத்தனை காலமும் அது பெருகிக் கொல்லாமல் இருப்பது நம்முடைய நோய் எதிர்ப்பு அதை அளவோடு பிடித்து வைத்திருப்பதால். அது நம்மைத் தணிக்கிறது, நாம் அதைக் கட்டுப்படுத்துகிறோம், இப்படியே போகும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் ஒன்றை வாரக்கணக்கில் கொடுத்தால் பிடி தளர்ந்துவிடும். குடம்பிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, குடலின் பற்றீரியாக்களையும் காவிக்கொண்டு நுரையீரல், மூளை என்று எல்லா இடமும் போகும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பங்கினர் தப்புவதில்லை.

எனக்கு ஸ்டீரொயிட்டைத் தள்ளி வைத்தார்கள், குடல் அழற்சிக்கான மெசலசினை மட்டும் கொடுத்துக்கொண்டு புழுவைப் பார்த்தார்கள். இதற்கு நல்ல மருந்து ஐவர்மெக்டின், உடல் நிறைக்கு ஏற்ற அளவு. யாழ்ப்பாணத்துக் கடைகளில் உடனே அகப்படாமல் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். போட்டபின் ஓடுகிற கடி நின்றது, இயோசினோபில் மாதங்களில் இறங்கியது, வயிறு பாதி சுகமானது. மற்றப் பாதி சுகமாகவில்லை. அடுத்த பயொப்சியில் இயோசினோபில் இல்லை, ஆனால் பெருங்குடல் அழற்சி அப்படியே இருக்கிறது. அதற்கு இன்றும் குளிசை எடுக்கிறேன். முன்பிருந்த வேதனையில் எது புழுவினுடையது, எது என்னுடையது என்று இனிப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

இனி, உங்களுக்குப் பயன்படக்கூடியவை.

தோட்டம், முகாம், இடப்பெயர்வு, வன்னி, எதுவாக இருந்தாலும் மண்ணில் வெறுங்காலோடு இருந்த காலம் உங்களுக்கு இருந்தால், ஸ்டீரொயிட்டோ நோய் எதிர்ப்பை அடக்கும் வேறு மருந்தோ தொடங்கமுன் அதை வைத்தியருக்கு நீங்களாகச் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். வெளியே வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது எல்லோரும் எல்லாம் கேட்க மாட்டார்கள். தொய்வு, முடக்குவாதம், தோல் வருத்தம், சிறுநீரக மாற்று என்று ஸ்டீரொயிட் வருகிற வழிகள் பல. கடையில் கேட்டு வாங்கி வருத்தத்துக்கெல்லாம் போடுகிற 'அந்தச் சின்னக் குளிசை'யும் பல இடங்களில் அதுதான்.

பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எறியாதீர்கள். ஸ்டீரொயிட் போட்டால் இயோசினோபில் தானாக இறங்கிவிடும், அதனால் குளிசை தொடங்கிய பின் எடுத்த நல்ல எண்ணை வைத்து நிம்மதியடைய முடியாது. தொடங்க முன்னர் எடுத்த தாள்தான் பேசும்.

மலப் பரிசோதனைக்குக் காலை மலத்தைச் சிறுநீர் கலக்காமல், அகன்ற வாயுள்ள போத்தலில், உடனே கொண்டுபோங்கள். குளிரூட்டிக்குள் வைக்காதீர்கள், குடம்பி செத்தால் தேட ஒன்றும் இராது. நெஸ்கபே போத்தலில் மூன்று நாளுக்குரியதைச் சேர்த்துக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி ஆய்வுகூடத் தம்பி சொன்னதை எழுதாமல் விடுகிறேன்.

"நாங்கள் ஆண்டுக்கு ஒருக்கா பூச்சிக் குளிசை போடுறனாங்கள்தானே" என்பார்கள். போடுங்கள், ஆனால் வழக்கமாகப் போடுகிற ஒற்றை மெபெண்டசோல் வட்டப்புழுவுக்கு நன்றாகக் கேட்கும், ஸ்ரொங்கிலொய்டிசுக்குக் கேட்காது. அம்மாவின் வேப்பம்பூ வடகமும் கேட்காது. நான் அதைச் சோற்றோடு இன்னும் விரும்பித்தான் சாப்பிடுகிறேன்.

மச்சாள் போன்றவர்கள் அடுத்துக் கேட்பது, ஒவ்வாமை வராமல் இருக்கப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தை நிறுத்தலாமா என்பது. நிறுத்தக்கூடாது. கொழுக்கிப்புழுக்களில் ஒரு வகை, புழுவொன்றுக்கு நாளைக்கு 0.2 மில்லிலீற்றர் வரை இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் இருபது மில்லிலீற்றர், நாள்தோறும். வளருகிற பெண்பிள்ளைக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைவிட என்ன வேண்டும்? உலகில் 150 கோடிப் பேரளவில் மண்வழிப் புழுக்களோடு இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரும் விரும்பி வைத்திருக்கவில்லை.

வல்லாரைச் சம்பல் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் உப்புத் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் ஊறப்போட்டால் வட்டப்புழு முட்டை சாகும் என்று நம்பாதீர்கள். அதன் ஓடு இரசாயனத்துக்கே மசியாதது. முட்டையைக் கழுவி இறக்கத்தான் முடியும். வேரை வெட்டி எறிந்து, இலை இலையாக, ஓடுகிற தண்ணீரில், அடிப்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்று வருத்தக்காரருக்கும் வறையாகச் சமைத்துக் கொடுப்பது நல்லது, சூட்டுக்கு முட்டை நில்லாது. மலக்குழி இறைத்த கழிவைத் தோட்டத்துக்குப் பசளையென்று கொட்டுகிறவர்களைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், பக்கத்து வளவுக்காரர் என்று பார்க்க வேண்டாம்.

வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் நோய் எதிர்ப்பு வளரும் என்று ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. கோயில் வீதி வேறு, தண்ணீர் மாறுகிற வாய்க்கால் வேறு. தம்பிக்கு முழங்கால் வரை வருகிற றப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். சேற்றில் இழுபடுகிறது என்று கழற்றி வரம்பில் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறான். அவனுக்கும் பரிசோதனை செய்தோம், குடம்பி இல்லை. ஆனால் கொழுக்கிப்புழு முட்டை இருந்தது, மருந்து கொடுத்தாயிற்று. அந்தச் சப்பாத்து விஷயத்தில் இன்னும் சண்டை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு இருந்த அண்ணா இப்போது லண்டனில். முடக்குவாதத்துக்கு அவருக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் புதிய ஊசி தொடங்க இருந்தது. ரெலிபோனில் இந்தக் கதையைச் சொல்லி, வைத்தியரிடம் போய் 95இல் எங்கே இருந்தேன் என்று சொல்லுங்கோ என்றேன். "முப்பது வருசத்துக்கு முந்தினதைப் போய்ச் சொன்னால் சிரிக்க மாட்டினமே?" என்று கேட்டார். சிரிக்கவில்லையாம். ஸ்ரொங்கிலொய்டிசுக்கான இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரும் வரைக்கும் ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.